லியோனில் ஒரு நாள்: நண்பர் வீட்டுக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்சின் தென்கிழக்கில், ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கலக்கும் இடத்தில் இருக்கிறது லியோன். கி.மு. 43-இல் ரோமானியர்கள் லுக்துனும் என்ற பெயரில் நிறுவிய ஊர். சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரும்கூட. நண்பர் வீட்டில் தங்கி, கையில் ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டு ஊரையும் பார்க்க வேண்டும், சாப்பாட்டையும் ஒரு கை பார்க்க வேண்டும் என்பவர்களுக்கான பக்கம் இது. இங்கே மதியச் சாப்பாட்டு நேரம் தவறினால் அன்றைய நாளே தவறிப்போகும். பகல் 12 மணியை முளையாக அடித்துவிட்டு மற்றதையெல்லாம் அதில் கட்டுங்கள்.

எந்தக் கிழமையில் வருவது நல்லது?

புதன், வியாழன், வெள்ளி. ஞாயிறும் திங்களும் புஷோன் எனப்படும் உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் பலவற்றுக்கு விடுமுறை. திங்களன்று லே ஆல் உணவுச் சந்தையும் ரோமானிய அருங்காட்சியகமும் மூடியிருக்கும். செவ்வாயன்று நுண்கலை அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஞாயிறு தவிர வேறு நாள் இல்லையென்றால், காலையில் சோன் ஆற்றங்கரையில் சேந்த் அந்துவான் சந்தைக்குப் போய் ரொட்டி, சீஸ், பழம் வாங்கிக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதுவும் குறைவான சாப்பாடு அல்ல.

ஆகஸ்டில் பல கடைக்காரர்கள் இரண்டு மூன்று வாரம் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். டிசம்பர் 8-ஐ ஒட்டிய ஒளித் திருவிழா நாட்களில் ஊர் அழகுதான், ஆனால் நடக்க இடமிருக்காது. முதல்முறை வருபவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

பாரிசிலிருந்து காலையில் வந்து இரவே திரும்ப முடியுமா?

முடியும். அதிவேக ரயிலில் சுமார் 2 மணி நேரம்தான். ஆனால் பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. 'கார் த லியோன்' என்பது பாரிசில் இருக்கும் ரயில் நிலையம். அங்கே நின்றுகொண்டு "கார் த லியோனில் இருக்கிறேன்" என்று நண்பருக்குச் செய்தி அனுப்பினால், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அவர் கிளம்பிவிடக்கூடும். லியோனில் இறங்க வேண்டிய நிலையம் பார் தியூ அல்லது பெராஷ். சேந்த் எக்சுப்பெரி என்று டிக்கெட்டில் இருந்தால் அது விமான நிலையம். அங்கிருந்து ஊருக்குள் வர ட்ராமில் இன்னும் அரை மணி ஆகும்.

கட்டணம் விமான டிக்கெட் மாதிரி ஏறி இறங்கும். சில வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். பெட்டிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது கட்டாயம்.

நண்பர் வீட்டில் தங்குவதற்குத் தனிக் காகிதம் ஏதாவது வேண்டுமா?

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டில் குறுகிய கால விசாவுக்கு விண்ணப்பித்து, ஓட்டலில் தங்காமல் வீட்டில் தங்குவதாக இருந்தால் 'அத்தெஸ்தாசியோன் தகேய்' வேண்டும். நண்பர் தன் பகுதி நகராட்சி அலுவலகத்தில் நேரில் கேட்டு வாங்க வேண்டிய சான்று. அடையாள அட்டை, வீட்டுக்கான ஆவணம், வருமானச் சான்று ஆகியவை கேட்பார்கள்; முத்திரைக் கட்டணம் உண்டு, மறுத்தாலும் அது திரும்பி வராது. பலரும் கோட்டை விடுவது இதில்தான்: நகல் போதாது, அசல் உங்கள் கைக்கு வர வேண்டும். தபால் நாட்களையும் சேர்த்து இரண்டு மாதம் முன்பே தொடங்கச் சொல்லுங்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

ஒரு நாளை எந்த வரிசையில் போடுவது?

காலை 9 மணிக்கு மெட்ரோ டி லைனில் வியூ லியோன் நிலையம். அங்கேயே இழுவை ரயில் ஏறி ஃபூர்வியேர் குன்று. மேலே உள்ள பசிலிக்கா என்ற பெரிய தேவாலயத்துக்கு ஒரு மணி நேரம், பக்கத்து ரோமானிய அரங்கத்துக்கு அரை மணி. பிறகு ரோசேர் தோட்டத்தின் வழியாக நடந்தே இறங்கினால் 11 மணிக்குப் பழைய ஊர். ஒரு மணி நேரம் சந்துகள். 12 மணிக்குச் சாப்பாட்டு மேசை.

2 மணிக்கு வெளியே வந்து பாலம் தாண்டினால் பெல்கூர் சதுக்கம். அங்கிருந்து தெரோ சதுக்கம் வரை காலாற நடை. உண்டது செரிக்க அது வேண்டும். தெரோவில் நான்கு குதிரைகள் பாயும் ஈய நீரூற்று, நியூயார்க் சுதந்திரதேவி சிலையைச் செய்த பார்த்தோல்டியின் கைவேலை. 3.30-க்கு மெட்ரோ சி லைனில் குருவா ரூஸ் குன்று. மாலை 6-க்கு வீடு திரும்பிக் குளித்து, 8 மணிக்கு நண்பர் வீட்டுச் சாப்பாடு.

காலையில் குன்றுக்கு நடந்து ஏறுகிறோம் என்று கிளம்பாதீர்கள். படிகள் செங்குத்து; மதியத்துக்கு முன்பே முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். ரயிலில் ஏறி நடந்து இறங்குவதே முறை.

டிக்கெட் எப்படி?

மெட்ரோ, ட்ராம், பஸ், இழுவை ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். ஒரு மணி நேர டிக்கெட்டும் 24 மணி நேர டிக்கெட்டும் நிலைய இயந்திரத்திலேயே கிடைக்கும். மேலே சொன்ன வரிசையில் சுற்றினால் 24 மணி நேர டிக்கெட்தான் கட்டுப்படியாகும். ஒவ்வொரு முறை வண்டி மாறும்போதும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். செல்லுபடியாகும் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பதிவு செய்யாததால் அபராதம் கட்டுபவர்கள் உண்டு.

இழுவை ரயிலில் இரண்டு பாதைகள். ஃபூர்வியேருக்கு எஃப்2. தவறி சேன் ஜுஸ்த் பக்கம் போகும் எஃப்1-இல் ஏறிவிட்டால் பதற வேண்டாம், மினிம் நிலையத்தில் இறங்குங்கள். ரோமானிய அரங்கம் அருகில்தான். வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டால் போதும். உள்ளூர்க்காரர்கள் இதை 'ஃபிசெல்' என்பார்கள், கயிறு என்று பொருள். நகருக்குள் ஓடும் இழுவை ரயிலை 1862-லேயே ஓடவிட்ட ஊர் இது.

ஃபூர்வியேரில் என்ன பார்ப்பது? அங்கே தெரிவது ஈஃபில் கோபுரமா?

இல்லை. அது 1890-களில் கட்டிய இரும்புக் கோபுரம். இப்போது அலைபரப்புக்குப் பயன்படுகிறது, மேலே ஏற முடியாது. பார்க்க வேண்டியது பசிலிக்கா. 1870 போரில் எதிரிப்படை ஊருக்குள் வராவிட்டால் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டு, 1872-இல் தொடங்கியது. நான்கு மூலையில் நான்கு கோபுரம். மல்லாந்து படுத்த யானை என்று ஊரார் கேலி செய்வார்கள். ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டால் பிறகு வேறு மாதிரித் தெரியாது. உள்ளே சுவர் முழுக்கத் தங்கமும் நீலமுமாகச் சில்லு ஓவியம். கீழே இன்னொரு தேவாலயம் இருக்கிறது, பலர் இறங்கிப் பார்ப்பதே இல்லை.

பின்புறத் திண்ணையிலிருந்து ஊர் முழுக்கத் தெரியும். திண்ணை கிழக்குப் பார்த்தது. காலையில் சூரியன் நேர் எதிரே நிற்பதால் படம் வெளுத்துப்போகும். நல்ல படம் வேண்டுமென்றால் மாலையில் மறுபடி ரயிலேறி வாருங்கள், 24 மணி நேர டிக்கெட் கையில் இருக்கிறதே.

ரோமானிய அரங்கத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஜூன், ஜூலையில் கலை விழாவுக்காக மேடை போட்டிருப்பார்கள். கல் இருக்கைகள் பாதி மறைந்துவிடும்.

திராபூல் என்பது என்ன? கதவு பூட்டியிருக்கிறதே?

ஒரு தெருவிலிருந்து வீடுகளுக்குள் நுழைந்து, முற்றங்களைத் தாண்டி, அடுத்த தெருவில் வெளிவரும் உள்வழி. பழைய ஊரில் தெருக்கள் ஆற்றுக்கு இணையாக ஓடுகின்றன, குறுக்குத் தெரு குறைவு. அதற்காக வந்த ஏற்பாடு. குருவா ரூஸ் குன்றில் பட்டுச் சுருள்களை நனையாமல் இறக்கவும் இவை உதவின. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரை எதிர்த்தவர்கள் தப்பிக்கவும் பயன்பட்டன.

பழைய ஊரில் மிக நீளமானது சேன் ஜான் தெரு 54-ஆம் எண்ணில் நுழைந்து பஃப் தெரு 27-ஆம் எண்ணில் முடிவது. கதவு சாதாரண வீட்டுக் கதவு மாதிரியே இருக்கும். எண் பலகைக்குக் கீழே அழைப்பு மணிகளின் வரிசையில் தனியாக ஒரு பொத்தான் இருந்தால், அதை அழுத்திக்கொண்டே கதவைத் தோளால் தள்ளுங்கள். கனமான மரம், கையால் தள்ளினால் அசையாது. உள்ளே விளக்கு இல்லையென்றால் சுவரில் இன்னொரு பொத்தான் இருக்கும், ஒரு நிமிடம் எரிந்து அணையும். திறக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். குடியிருப்பவர்களின் பெயர் உள்ள மணிகளை அழுத்தித் தொல்லை தராதீர்கள். உள்ளே வீடுகள் இருக்கின்றன, ஆட்கள் தூங்குகிறார்கள். பேச்சைக் குறைத்து நடந்தால்தான் இந்தக் கதவுகள் இனியும் திறந்திருக்கும். காலையில் போவது நல்லது, மாலையில் பல கதவுகள் பூட்டிவிடும்.

புஷோனுக்குப் போனால் என்ன கேட்டு வாங்குவது?

புஷோன் என்பது சின்ன மேசை, கட்டம் போட்ட துணி, நெருக்கி உட்காரும் இடம். சேன் ஜான் தெருவில் ஆறு மொழியில் படத்தோடு பட்டியல் மாட்டிய கடைகளைத் தாண்டிப் போங்கள். பட்டியல் கரும்பலகையில் கையால் எழுதியிருந்து, அதில் எட்டுப் பத்து வகைக்கு மேல் இல்லாமலிருந்தால் நம்பி உட்காரலாம்.

சொற்கள் ஏமாற்றும். பிரெஞ்சில் 'மெனு' என்றால் தொகுப்புச் சாப்பாடு; உணவுப் பட்டியல் வேண்டுமென்றால் 'கார்த்' என்று கேளுங்கள். 'ஆந்த்ரே' என்பது முதலில் வரும் சிறு உணவு, 'பிளா' முக்கிய உணவு.

கெனெல்: இந்த ஊரின் பெயர் சொல்லும் உணவு. புரோஷே என்ற ஆற்று மீனின் சதையை மாவு, முட்டை, வெண்ணெயோடு அரைத்து நீள உருண்டையாக வேகவைத்து, நந்துவா என்னும் நன்னீர்ச் சிங்கி இறால் குழம்பில் முக்கி அடுப்பில் வைத்தது. உப்பிப் பூரி மாதிரி வரும், பூரி மாதிரியே அமுங்கும். வந்தவுடன் சாப்பிட வேண்டும். படம் எடுத்து முடிப்பதற்குள் பாதியாகிவிடும். பழைய முறையில் மாட்டுக் கொழுப்பும் சேர்ப்பார்கள். மாடு தவிர்ப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

லியோன் சாலட்: கசப்புக் கீரை, அரைவேக்காட்டு முட்டை, வறுத்த ரொட்டித் துண்டு, அதோடு பன்றிக் கொழுப்பு வறுவல். 'சாலட்' என்ற பெயரை நம்பிச் சைவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தப்லியே த சாப்பர்: மாட்டுப் போட்டியை வெள்ளை வைனில் ஊறவைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது. நம்மூர் போட்டி வறுவல் பிடிக்கும் என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆந்தூயெத் வேறு கதை. குடலை அடைத்த குடல். தட்டு மேசைக்கு வருமுன் வாசம் வந்துவிடும். நண்பர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாடும் பன்றியும் வேண்டாம் என்றால் வினிகர்க் குழம்பில் வெந்த கோழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஹலால் இறைச்சியைப் புஷோனில் எதிர்பார்க்க முடியாது, குழம்பிலும் வைன் இருக்கும்.

சைவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் 'ஸான் வியாந்த்' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் மீன் வரும். 'நி வியாந்த், நி புவாசோன்' என்று சொல்ல வேண்டும்: இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம். சாலட்டுக்கு 'ஸான் லார்தோன்' (பன்றிக் கொழுப்பு வறுவல் இல்லாமல்). மேசை பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் சமையலறை ஏதாவது செய்து வைக்கும். போய் உட்கார்ந்தபின் சொன்னால் வெறும் கீரையும் உருளைக்கிழங்கும்தான்.

பாலில் வெந்த உருளைக்கிழங்கு அடுக்கு, வெங்காய சூப் (இறைச்சிச் சாறா என்று கேட்டுவிட்டு), மீன் போடாத கெனெல், செர்வெல் த கானூ. கடைசிப் பெயருக்கு 'நெசவாளியின் மூளை' என்று பொருள். மூளை கிடையாது, பழுக்க வைக்காத புதுச் சீஸ்தான். சீஸ்களை உறைய வைக்கக் கன்றின் இரைப்பைச் சாறு பயன்படுவதுண்டு என்பதையும் கண்டிப்பான சைவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரம், பணம், டிப்ஸ்?

12 முதல் 2 வரை. 1.45-க்குப் போனால் சமையலறை மூடிவிட்டது என்பார்கள், இரவு 7 மணிவரை வேறு வழியில்லை. வார நாளிலும் முன்பதிவு செய்யுங்கள். நண்பரைப் போன் செய்யச் சொன்னால் இரண்டு நிமிட வேலை. மதியத் தொகுப்பு பெரும்பாலும் 20 முதல் 30 யூரோவுக்குள் இருக்கும்.

'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் விலைக்குப் புட்டி வரும். ரொட்டிக்கும் தனிப் பணம் இல்லை. வைன் வேண்டுமென்றால் 'போ' என்று அடிப்பக்கம் தடித்த புட்டி, 46 சென்டிலிட்டர் கொள்ளும், லியோனுக்கே உரியது. சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்தது. மனசுக்குப் பிடித்திருந்தால் சில்லறை வைக்கலாம். பில் தானாக வராது, கேட்டால்தான் வரும். அது அலட்சியம் இல்லை, உட்கார்ந்திருப்பவரை எழுப்பக்கூடாது என்ற மரியாதை.

பட்டுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறி பார்த்தவர்கள் குருவா ரூஸைத் தவறவிடக்கூடாது. தறிக்கு மேலே அட்டைகளைக் கோத்து மாட்டியிருக்கும் 'ஜக்கார்டு பெட்டி' இருக்கிறதே, அந்த ஜக்கார்டு ஓர் ஆளின் பெயர். ஜோசெப் மரி ஜக்கார், 1752-இல் லியோனில் பிறந்தவர். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், அந்தப் பாவு இழை தூக்கப்படும். துளை இல்லையென்றால் இழை அப்படியே கிடக்கும். பாவு நூலைக் கையால் இழுக்கும் உதவியாளரின் வேலையை அட்டை எடுத்துக்கொண்டது.

பெட்டி உயரமானது. அது உள்ளே நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் குன்றின் வீடுகளுக்குக் கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரக் கூரை, வெளிச்சத்துக்கு நெடிய சன்னல்கள். கானூ எனப்பட்ட நெசவாளர்கள் 1831-இல் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தபோது, "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம்" என்பது முழக்கம். கானூக்களின் இல்லம் என்ற சிறு அருங்காட்சியகத்தில் தறி ஓட்டிக் காட்டுவார்கள். விளக்கக் காட்சி நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சி லைனில் ஏனோன் நிலையத்தில் இறங்கினால் 1,200 சதுர மீட்டர் சுவர் ஓவியம். அருகில் போகும்வரை உண்மைப் படிக்கட்டு என்றே தோன்றும். 1987-இல் வரைந்தது; பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அதில் உள்ளவர்களுக்கும் வயது கூட்டி மறுபடி வரைகிறார்கள். பிறகு நடந்து இறங்கும் வழியில், கொல்பேர் சதுக்கம் 9-ஆம் எண்ணுக்குள் நுழைந்தால் வொராஸ் முற்றத்தின் பெரிய கல் படிக்கட்டு.

நண்பர் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோவது, எப்போது போவது?

வெளியே தங்கியிருந்தால், 8 மணி என்றால் 8.10-க்குப் போங்கள். முன்கூட்டிப் போவதுதான் தவறு, அடுப்பில் கைவேலையாக இருப்பார்கள். பூ, சாக்லேட், நம்மூர் ஏலக்காய் அல்லது மிளகு எல்லாம் சரி. சாமந்தி மட்டும் வேண்டாம், அது இங்கே கல்லறைக்கு வைக்கும் பூ. என்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர்களுக்குத் தோன்றாது.

ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசைத் துணியிலேயே வைப்பது வழக்கம். சீஸ் தட்டு பெரும்பாலும் ஒரே சுற்றுதான். முக்கோணத் துண்டின் கூர்முனையை வெட்டி எடுக்காமல் பக்கவாட்டில் சீவ வேண்டும். நடுப்பகுதிதான் ருசி, அதை ஒருவரே எடுத்துக்கொள்வது பந்தியில் அப்பளம் முழுக்க ஒருவர் இலைக்குப் போவது மாதிரி.

அவர்களுக்கு நாமும் ஏதாவது செய்து கொடுக்கலாமா?

செர்வெல் த கானூ செய்யுங்கள், அடுப்பே வேண்டாம். ஃபுரோமாஜ் பிளாங் என்ற தயிர் மாதிரியான புதுச் சீஸ் 500 கிராம், முதல் நாள் இரவே துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பரிமாறும்போது தண்ணீர் பிரிந்து மோர் மாதிரி ஓடும். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 2, அரைப் பல் பூண்டு, ஒரு கைப்பிடி சிபூலெத் (மெல்லிய வெங்காயத் தாள் வகை), கொஞ்சம் பார்ஸ்லி, ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி, உப்பு, மிளகு. முள்கரண்டியால் கலக்குங்கள், மிக்சியில் போட்டால் நீர்த்துவிடும். 2 மணி நேரம் குளிரில் வைத்து, தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்குடன் வையுங்கள். தயிர்ப் பச்சடி கைவந்தவருக்கு இது புதிதே இல்லை.

இனிப்புக்கு ரோஸ் நிறப் பிரலீன் தார்த். சர்க்கரைப் பாகு பூசிய பாதாம் 250 கிராமை ஒன்றிரண்டாக நொறுக்கி, 250 கிராம் பாலேட்டோடு மிதமான தீயில் கிளறுங்கள். 110 பாகை சுற்றி வந்ததும் ஏற்கெனவே சுட்ட மாவுக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவிடுங்கள். முன்னதாக இறக்கினால் வெட்டும்போது வழியும், தாமதித்தால் கடலைமிட்டாய் மாதிரி பல்லைச் சோதிக்கும்.

ஊருக்கு என்ன வாங்கிப்போவது?

பிரலீன் பொட்டலம் கெடாது. கூசன் த லியோன் என்ற பச்சைத் தலையணை மிட்டாயில் மதுவாடை உண்டு, குழந்தைகளுக்கும் மது தொடாதவர்களுக்கும் வேண்டாம். சேன் மார்செலேன் சீஸ் குழைவானது; கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் திரவமாகக் கணக்கிட்டு எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில், மூடியிறுகிய டப்பாவில் வையுங்கள்.

மழை பெய்தால்?

திராபூல்கள் பாதி கூரைக்குள்தான். மதியத்துக்குமேல் டி லைனில் மோன்பிளேசிர் லூமியேர் நிலையம் போங்கள். ஆலைத் தொழிலாளர்கள் வெளியே வருவதை லூமியேர் சகோதரர்கள் 1895-இல் படமெடுத்த இடத்தில் அவர்களின் அருங்காட்சியகம் இருக்கிறது, திங்கள் விடுமுறை. மழை வருமா என்று தெரிந்துகொள்ள உள்ளூரில் ஒரு வழி உண்டு: ஃபூர்வியேர் திண்ணையிலிருந்து தூரத்தில் மோன் பிளாங் பனிமலை பளிச்சென்று தெரிந்தால், மறுநாள் குடை எடுத்துக்கொள்வார்கள்.